முப்பதாயிரத்து முப்பத்தொன்றாவது டைல்

டைல்ஸ் ஒட்டும் அவரை எல்லோரும் ‘கட்டம் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பிட உட்கார்ந்தால்கூடத் தரையில் எத்தனை கட்டம் என்று எண்ணிவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பார். அவரைப் பற்றி எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை. ஆறு வயதில் நான் வரைந்த படம் ஒன்று வெளியே நிற்க இருந்தது. அதை உள்ளே சேர்த்தவர் அவர்.

நகர நூலகத்தில் நீளமான ஒரு சுவர். எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் ஆளுக்கொரு சின்ன டைலில் படம் வரைந்து தந்தார்கள். சாந்து இடைவெளியோடு ஒவ்வொன்றும் ஓர் அங்குலம். ஒரு படமும் விடுபடக் கூடாது, வெற்றுக் கட்டமும் தெரியக் கூடாது என்பது ஏற்பாடு. வந்தவை 30,030. அறுபத்தைந்து வரிசை, வரிசைக்கு நானூற்று அறுபத்திரண்டு. சுவரில் கோடுகூடப் போட்டாயிற்று.

நானோ டைபாய்டு காய்ச்சலில் கிடந்தேன். அம்மா என் டைலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஓடினார்.

“நேத்தே எண்ணி முடிச்சாச்சும்மா,” மேஸ்திரி கையை விரித்தார். “ஒண்ணு கூடினா கட்டம் அமையாது. ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு... எதால வகுத்தாலும் ஒண்ணு மிச்சம்!”

அவர் சொன்னது சரி. அந்த ஆறு எண்களையும் பெருக்கினால் வருவதே 30,030. கூட ஒன்று சேர்ந்தால் ஆறும் கைவிட்டுவிடும். பதின்மூன்று வரை பார்த்து, சேராவிட்டால் அந்த எண்ணைத் தலைமுழுகிவிடுவது அவர்கள் வழக்கம். பெரிய டைலுக்கு அது போதும்.

“பிள்ளை எழுந்து வந்து தேடுவாளே அண்ணே,” என்றார் அம்மா.

“ஏன் மேஸ்திரி, பதிமூணுக்கு மேல நம்பரெல்லாம் செத்துப்போச்சா?” என்று கேட்ட கட்டம் அக்கா, சிமெண்டுப் பையைக் கிழித்து அதில் கணக்குப் போட உட்கார்ந்தார். பதினேழுக்கு ஒன்பது மிச்சம். பத்தொன்பதுக்குப் பதினொன்று. இருபத்துமூன்று, இருபத்தொன்பது... ஐம்பத்துமூன்றும் சேரவில்லை.

“போதும் தாயே, கை வலிக்கல?”

“உங்களுக்கு வாய் வலிக்கலையே!”

ஐம்பத்தொன்பது. மிச்சமே இல்லை! வரிசைக்கு ஐந்நூற்று ஒன்பது. டேப்பை இழுத்தார். நாற்பத்துமூன்று அடிச் சுவரில் பக்கத்துக்கு மூன்றரை அங்குலம் விட்டு அப்படியே பொருந்தியது. போட்ட கோட்டையெல்லாம் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, முதலிலிருந்து போட்டார்.

ஐம்பத்தொன்பதும் ஐந்நூற்று ஒன்பதும் பகா எண்கள். ஒற்றை வரிசையாக நீட்டுவதை விட்டால், 30,031-க்கு வேறு செவ்வகமே கிடையாது! கல்லூரியில் இது புரிந்த அன்று வகுப்பிலேயே அழுதுவிட்டேன். சாயங்காலமே அவர் வேலை செய்யும் கட்டடத்துக்கு ஓடி, மூச்சுவிடாமல் சொன்னேன்.

“அடியாத்தி, ஒரே வழிதானா? நான் அடுத்து அறுபத்தொண்ணு பார்க்கலாம்னு இருந்தேன்,” என்று சிரித்தார்.

“எதுவுமே சேராம போயிருந்தா அக்கா?”

“சேர்ற வரைக்கும் இன்னும் பிள்ளைங்கள வரையச் சொல்லியிருப்பேன். உன்னோடத எப்படிடி வெளிய வைக்கிறது?”

சொல்லிவிட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். சாந்து இறுகிக்கொண்டிருந்தது. நன்றி என்று அவர் முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன்.