எறும்பு சாரும் சைடு ஸ்டாண்டும்

என் அக்கா புருஷனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊருக்கு அவர் எறும்பு சார். ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது அவர் வேலை. கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, பஞ்சால் துடைத்து, ஊசியைக் குத்துவதற்கு முன்னால் கைக்குழந்தையானாலும் சரி, காக்கிச் சட்டை போட்ட ஆளானாலும் சரி, "ஒண்ணுமில்ல, சின்ன எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்பார். அப்படியேதான் இருந்தது என்று ஊரே சொல்லும். கைராசிக்காரர்.

எனக்கு அவர் மாமா. அவர்கள் வீட்டின் முன்னறையில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்கிறவர்களுக்கு என் மிஷின் உடனே ரிப்பேர் ஆகிவிடும். மாமா எனக்கு வைத்த பெயர் வாயாடி. குறை சொல்ல முடியாது, பொருத்தமான பெயர்தான்.

மாமாவுக்கு முகம் மறந்துபோகும், கை மறக்காது. ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் ஒரு வயதான அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தார். மாமா திருதிருவென்று விழித்தார். அந்த அம்மா விவரம் தெரிந்தவர், பேசாமல் சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டினார். "அட, நீங்களா! வலது கை, முழங்கை மடிப்புக்கு ஒரு விரல் கீழ, கொஞ்சம் சாஞ்சு ஓடும்! எப்படிம்மா இருக்கீங்க?" என்றார் மாமா. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்த அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

இப்படிப்பட்ட ஞாபகசாலிக்கு மோட்டார் சைக்கிளின் சைடு ஸ்டாண்டை எடுத்துவிட்டுக் கிளம்பவேண்டும் என்கிற ஒன்று மட்டும் பதினாலு வருஷமாக மண்டையில் ஏறவில்லை. காரணம் எனக்குத் தெரியும். ஒரு வீட்டில் வேலை முடிந்து வண்டியில் காலைப் போடும்போதே அவர் மனசு அடுத்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடும். உதடு முணுமுணுக்கும். "மாடி வீட்டு டீச்சர், இடது கை, நரம்பு வழுக்கும், சின்ன ஊசி..." வண்டி நகரும். ஸ்டாண்டு தரையைப் பார்த்து நீட்டிக்கொண்டே கூடப் போகும்.

இத்தனை வருஷம் அவரைக் காப்பாற்றியது யாரோ பெற்ற பிள்ளைகள். எதிரே வருகிறவன் விரலைக் கீழே காட்டி ஜாடை செய்வான். பின்னால் வருகிற பெண் ஹாரன் அடித்துக்கொண்டே துரத்தி வந்து, "சார், ஸ்டாண்டு, ஸ்டாண்டு!" என்று கத்திவிட்டுத் தன் வழியில் திரும்பிப் போவாள். ஸ்கூல் வேன் குழந்தைகள் ஜன்னலில் தொத்திக்கொண்டு கூட்டாகக் கூச்சல் போடும். முன்பின் தெரியாதவர்கள், ஆனால் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாருக்கும் எல்லார்மேலும் அக்கறை. மாமா குதிகாலால் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார்.

காலையில் முதல் தடவை கிளம்பும்போது கடையிலிருந்து நான் கத்துவேன். "எடுத்துட்டேன், எடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அதற்கப்புறம்தான் எடுப்பார். மீதிப் பதினைந்து வீட்டுக்கு யார் போய்க் கத்துவது? சிவப்பு எழுத்தில் 'ஸ்டாண்டு' என்று பெரிதாக அடித்து, லேமினேட் செய்து, ஸ்பீடாமீட்டர் மேலேயே ஒட்டிக் கொடுத்தேன். மறுநாள் பார்த்தால் அன்றைக்குப் போகவேண்டிய வீடுகளின் பட்டியலை அதன்மேலேயே கிளிப் போட்டு மாட்டியிருக்கிறார். இந்த மனுஷனை என்ன செய்வது?

ஒருநாள் காலையில் ஏழு வீட்டை முடித்துவிட்டு வந்து, அக்காவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினார். அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறாள். அவளை இறக்கிவிடும் வழியில் காலைச் சுற்றின் கடைசி வீடு இருந்தது. நாலு மாதக் குழந்தை. வேறு ஓர் இடத்தில் மூன்று தடவை குத்தியும் ரத்தம் வராமல், பெற்றவளும் பிள்ளையும் சேர்ந்து அழுதுகொண்டே திரும்பியிருந்தார்கள். மாமா உள்ளே போனார், ஒரே குத்தில் எடுத்தார், வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. ரத்த ட்யூபுகள் வைத்த ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, குழந்தையின் கை எவ்வளவு சின்னது, நரம்பு எப்படி நூல் மாதிரி இருந்தது என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்தார். அவளும் கேட்டுக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் ஸ்டாண்டைப் பார்க்கவில்லை.

எதிரே வந்த வேன் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "சார், ஸ்டாண்டு!" என்று கத்தியிருக்கிறார். தெரிந்தவர் யாரோ கூப்பிடுகிறார் என்று இவர் கையை ஆட்டியிருக்கிறார். தெருமுனையில் இடதுபக்கம் வண்டியைச் சாய்த்தார். ஸ்டாண்டு ரோட்டில் ஊன்றி வண்டியைத் தூக்கியடித்தது. விழும்போது மாமாவின் இரண்டு கையும் தானாகப் போய் அந்த ஐஸ் பெட்டியை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டன. ஒரு ட்யூப் கூட உடையவில்லை. அக்காவின் இடது மணிக்கட்டுதான் உடைந்தது.

அதே வேன் டிரைவர்தான் இருவரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். நான் கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஓடினேன். அக்கா படுக்கையில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள். மாமா பேண்ட் கிழிந்து, முட்டியில் ரத்தத்தோடு வாசலில் நிற்கிறார். என்னைப் பார்த்ததும் பெட்டியை நீட்டினார்.

"வாயாடி, இத கொஞ்சம் லேப்ல குடுத்துட்டு வந்துடறியா? ஐஸ் உருகிடும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அக்கா கை உடைஞ்சு கிடக்கா, உங்களுக்குப் பெட்டி ஒரு கேடா? பெட்டியப் புடிச்ச கையால பொண்டாட்டியப் புடிச்சிருக்கலாம்ல?"

அவர் தன் இரண்டு கையையும் குனிந்து பார்த்தார். நான் பெட்டியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போய் லேபில் கொடுத்தேன். கொட்டின வார்த்தையை அள்ள முடியாது என்பார்கள். எனக்கு அன்றைக்கு அள்ளவேண்டும் என்றே தோன்றவில்லை.

அதற்குப் பிறகு மாமா ஸ்டாண்டை மறக்கவில்லை. எடுத்துவிட்டு, குனிந்து பார்த்து, இறங்கி நின்று இன்னொரு தடவையும் பார்த்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்தினார். பரவாயில்லை, மனுஷனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். உதடு முணுமுணுப்பது நின்றுபோயிருந்ததை நான் கவனிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் மருத்துவ ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். முழங்கை மடிப்பு நீலம் பாரித்திருந்தது. "எறும்பு சாருக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். "எனக்கு எட்டு வருஷமா அவர்தான் எடுக்கறாரு. நேத்து நாலு தடவ குத்தியும் கெடைக்கல. கை நடுங்குது. 'மன்னிச்சிடுங்க ஐயா'ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாரு. எனக்கு வலி பெருசில்லம்மா. அவரப் பாக்கத்தான் முடியல."

பெரியவர் போனதும் நேராக லேபுக்குப் போனேன். மாமா கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ரசீது கிழித்துக்கொண்டிருந்தார். லேபை நடத்துகிற டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "ஆனைக்கும் அடி சறுக்கும்மா, புரியுது. ஆனா ஊசி புடிக்கிற கை நடுங்கினா நான் எப்படி அனுப்புவேன்? இந்த மாசம் முடியட்டும், பாக்கலாம். சரியாகலன்னா வெளி வேலைக்கு வேற ஆள் போட்டுடணும். அவர் இங்கயே கவுண்டர்ல இருக்கட்டும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் மாமாவைக் கவுண்டரில் உட்காரவைப்பது அவரை மூட்டைகட்டிப் பரணில் போடுவதற்குச் சமம். ஒவ்வொரு வீட்டுக் கதவும் திறக்கும்போது அவர் முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில் நான் கேட்ட கேள்வியையும் மறைக்காமல் சொன்னேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியாடி நீ?"

"கோவத்துல வந்துடுச்சுக்கா."

"உனக்கு வந்துச்சு, போயிடுச்சு. அவருக்கு உள்ள போய் உக்காந்துடுச்சு. இதனாலதான் ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுக்கறாரா? கேட்டா கால் வலிங்கறாரு."

நான் அழுதுவிட்டேன். என் கையில் ஒரு தடவைகூட வலிக்கக் குத்தியிராத மனுஷனை நான் ஒரே வார்த்தையில் குத்திவிட்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு தடவை போனேன். "அதெல்லாம் விடும்மா" என்றார். வாயாடி என்றுகூடச் சொல்லவில்லை, 'விடும்மா' என்றார்.

மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது அக்காவின் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு டாக்டர் ரத்தத்தில் சத்து எப்படி இருக்கிறதென்று பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை, வெறும் வயிற்றோடு, சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் அக்கா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பரணிலிருந்து மாமாவின் ஊசிப் பையை என்னை எடுத்து வரச்சொன்னாள்.

"என்னங்க, இங்க வாங்க. ரத்தம் எடுக்கணும்."

"லேப்ல ரத்தம் எடுக்கற பொண்ணு ஒருத்தி இருக்காம்மா. நல்லா எடுப்பா. நான் கூட்டிட்டுப் போறேன்."

"நான் வரமாட்டேன்."

மாமா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் வந்து, சோப்புப் போட்டுக் கை கழுவினார். அவ்வளவு நேரம் கை கழுவி நான் யாரையும் பார்த்ததில்லை. வந்து உட்கார்ந்து, "வலது கையக் குடு" என்றார்.

"வலது கையில நரம்பு ஒளிஞ்சுக்கும்னு நீங்கதான சொல்வீங்க?" என்று அக்கா இடது கையை மேஜைமேல் வைத்தாள். ஆறு வாரம் கட்டுக்குள் கிடந்த கை. மெலிந்து, வெளுத்து, தோல் உரிந்து, மணிக்கட்டு ஒரு பக்கம் லேசாகப் புடைத்திருந்தது.

மாமா பட்டையைக் கட்டினார். பஞ்சால் துடைத்தார். ஊசியை எடுத்தார். நுனி ஆடியது. கீழே வைத்தார். மறுபடி எடுத்தார், மறுபடி ஆடியது. "என்னால முடியலம்மா" என்றார். 

அக்கா கையை எடுக்கவில்லை. "அன்னைக்கு அந்தப் பெட்டியில என்ன இருந்துச்சு?"

"அது எதுக்கு இப்ப?"

"சொல்லுங்க."

"எட்டுப் பேரோட ரத்தம்."

"அந்தக் குழந்தையோடதும் இருந்துச்சுல்ல? உடைஞ்சிருந்தா?"

"மறுபடி போய்க் குத்தியிருக்கணும்."

"ஏற்கெனவே மூணு குத்து. அதுக்கப்புறம் நீங்க ஒண்ணு. நாலு மாசப் புள்ள." அக்கா என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு அவரிடமே சொன்னாள். "இவ ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்தவ. நான் உங்க பின்னாடி உக்காந்திருந்தவ. விழுறப்போ எனக்கு என்ன தோணுச்சுன்னு யாராவது கேட்டீங்களா? நீங்க பெட்டியக் கட்டிப் புடிச்சதப் பாத்தேன். அப்பாடா, பெட்டியப் புடிச்சிட்டாருன்னுதான் நெனச்சேன். அதுக்கப்புறம்தான் கீழயே விழுந்தேன்."

மாமாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் நின்றது. அதைத் தோளில் துடைத்துக்கொண்டு ஊசியை எடுத்தார். உதடு அசைந்தது. "இடது கை, நடுவுல, நேரா ஓடும்." குத்தினதே எனக்குத் தெரியவில்லை. ட்யூபில் ரத்தம் ஏறுவதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அந்த ட்யூபை அவரே லேபுக்குக் கொண்டுபோனதும், டாக்டரம்மா தன் கையையே நீட்டிச் சோதித்துவிட்டு வீடுகளின் பட்டியலைத் திருப்பிக் கொடுத்ததும் அன்று மத்தியானம் நடந்தவை. மறுநாள் காலையிலேயே ஸ்டாண்டை எடுக்காமல் கிளம்பினார். தெருவில் இறங்கி ஓடிக் கத்தினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் யாரையும் திட்டியதில்லை.

ஆனால் அந்தக் காலை நேரத்தில் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. மாமா ஊசியை உருவிவிட்டுப் பஞ்சை வைத்து, அக்காவின் கையை மடக்கி, தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வழக்கமாக அதை அவரவரே பிடித்துக்கொள்ளவேண்டும், இரண்டு நிமிஷம் போதும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் அவர்தான். இரண்டு நிமிஷம் ஆயிற்று. ஐந்து ஆயிற்று.

"ரத்தம் நின்னுடுச்சுங்க, விடுங்க" என்றாள் அக்கா.

அவர் விடவில்லை.