மாமா நின்றபடி வைத்த கையெழுத்து

அன்று பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பகுதியில் இருந்தது சரியாக ஐந்து பேர். நான், என் மனைவி, அவளின் அப்பாவான என் மாமா, எங்களோடு பூவரசங்குளத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த எங்கள் கிராம அலுவலரான விதானையார், மேசைக்கு அந்தப் பக்கம் எழுதுவினைஞராக ஒரு இளம் பெண்பிள்ளை.

மாமா இளவயதில் ஆமியில், பட்டாளத்துச் சமையல்காரர். துவக்குத் தூக்கினவர் இல்லை, அகப்பைதான். கஞ்சிக் கிடாரம் சரிந்து கால் வெந்ததில் வேலையை விட்டு வந்தவர். அதற்குப் பென்சன் வரும். வருடத் தொடக்கத்தில், ஆள் உயிரோடு இருக்கிறார் என்று விதானையார் முன்னால் கையெழுத்து வைத்து ஒரு படிவம் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவையும் கெடுத்தவன் நான். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்குப் படிவம் என்றாலே பயம். ஒன்றைத் தபாலில் போட்டேன். அது தொலைந்தால் என்று இன்னொன்றைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் மாமாவின் கையெழுத்துக் கோணிவிட்டது, ஆகவே பெருவிரல் அடையாளத்தோடு மூன்றாவதும் போனது. என் கரைச்சல் தாங்காமல் விதானையார் மூன்றிலும் முத்திரை குத்தினார். மூன்றும் மூன்று ஆள் வைத்ததுபோல் இருக்கிறது என்று பென்சனை நிறுத்திவிட்டார்கள்.

அன்றிலிருந்து மாமா இரண்டாம் தரம் சோறு வாங்கவில்லை. மாதாமாதம் சாப்பாட்டுக்கு மகளிடம் காசு கொடுப்பவர். "காசு குடுக்காத வீட்டில சோத்துக் கோப்பையை நீட்டமாட்டன்" என்றார். ஏழு மாதத்தில் சாரம் இடுப்பில் நிற்கவில்லை. மனைவி என்னோடு கதைப்பதையும் குறைத்துவிட்டாள்.

பிள்ளை மூன்று படிவங்களையும் மேசையில் பரப்பினார். "ஐயா, இதில எது நீங்கள்?"

"மூண்டும் நான்தான் பிள்ளை."

"கையெழுத்து வைக்கத் தெரிஞ்ச ஆள் ஏன் பெருவிரல் வைக்கிறார்?"

"அதை மருமகனைக் கேளுங்கோ. நான் செத்துப்போவன் எண்டு என்னைவிட அவருக்குத்தான் பயம்."

விதானையார் சிரிப்பை இருமலாக்கினார்.

பழைய பைலில் உள்ள கையெழுத்தோடு பொருந்தினால் போதும் என்றார் பிள்ளை. மாமா கதிரையில் இருந்தபடி ஒரு தாளில் வைத்தார். பொருந்தவில்லை. மறுபடி வைத்தார். அது இன்னும் மோசம். நான் அவர் தோளுக்கு மேலால் குனிந்தேன்.

"ஆறுதலா மாமா, ஆறுதலா."

"நீர் வாயை மூடும் தம்பி." மாமா எழும்பினார். "ஆமியில நான் ஒருநாளும் கதிரையில இருந்து கையெழுத்து வைச்சதில்ல. விடியக்காலமை அடுக்கின அரிசிச் சாக்குக்கு மேல கொப்பியை வைச்சு, நிண்டபடிதான்."

நெஞ்சளவு உயரமான இரும்பு அலுமாரியின் மேல் தாளை வைத்து, ஒரே இழுப்பில் போட்டார். பிள்ளை பைலைப் பக்கத்தில் பிடித்தார். வாலில் இருந்த சுழி கூட அப்படியே. மனைவி மூக்கை உறிஞ்சினாள். கேட்க முன்னரே விதானையார் முத்திரையை எடுத்துவிட்டார்.

"அடுத்த மாசத்தில இருந்து வரும் ஐயா."

"நிண்டுபோன ஏழு மாசக் காசு?" நான்தான் கேட்டேன்.

"அது கொழும்பில இருந்து வேறையா வரவேணும். எப்ப எண்டு தெரியாது." பிள்ளை என்னைப் பார்த்தார். "அண்ணை, நீங்கள் கடிதம் ஒண்டும் போடாதேங்கோ. ஒண்டு கூட."

அடுத்த மாதப் பென்சன் வந்தது. மாமா அன்று மூன்று தரம் சோறு வாங்கினார். நான் இதுவரை ஒரு கடிதமும் போடவில்லை, சத்தியமாக. மாதம் முப்பத்தெட்டாயிரத்து நானூறு படி, ஏழு மாதத்துக்கு இன்னும் வரவேண்டியது இரண்டு லட்சத்து அறுபத்தெட்டாயிரத்து எண்ணூறு ரூபா.