நெற்றியில் எழுதிய நேரம்

என் அலுமாரியின் மேல்தட்டில் ஓர் ஊதாப் பென்சில் துண்டு கிடக்கிறது. உலர்ந்த தாளில் எழுதினால் சாம்பல் நிறம். ஈரம் பட்டால் ஊதா மையாக ஊறிவிடும். நான் தாதியாக வேலை பார்த்த காலம் முழுவதும் அப்படியொரு பென்சில் என் சட்டைப்பையில் இருந்தது. "இவவின்ர பென்சிலுக்கும் வாய்க்கும் ஓய்வில்லை" என்று வார்ட்டில் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். அந்த ஊதாவை நான் முதன்முதலில் கண்டது என் அத்தானின் நெற்றியில்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். திருகோணமலைத் துறைமுகம் நிறையக் கப்பல்கள். அக்காவின் கணவர், என் அத்தான், இறங்குதுறையில் பாரம் இறக்கும் வேலை செய்தார். ஒருநாள் காலை இரும்புக் கயிறு அறுந்து, பெட்டியொன்று அவர் தொடையில் விழுந்தது. அங்கிருந்த முதலுதவிக்காரன் நோவுக்கு மோர்பின் ஊசியொன்று போட்டு, அதற்குரிய 'M' என்ற எழுத்தையும் போட்ட நேரத்தையும் ஊதாப் பென்சிலால் அவர் நெற்றியில் எழுதி, லொறியில் ஏற்றிவிட்டான். நகரத்துப் பள்ளிக்கூடமொன்றைத் தற்காலிக ஆசுப்பத்திரியாக்கியிருந்தார்கள். அங்கேதான் கொண்டுவந்து கிடத்தினார்கள். நெற்றியில் எழுதுவது போர்க்கால வழக்கமாம், அடுத்து வருபவர் தெரியாமல் இன்னொரு ஊசி போட்டுவிடக் கூடாதென்று. நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கூடவே ஒரு துண்டுக் கடதாசி வைத்தால் கையா முறிந்துவிடும்? எங்களுக்கு நெற்றி என்றால் என்னவென்று ஊரில் ஒருவரிடமாவது கேட்டார்களா?

அக்காவும் நானும் ஓடிப்போனபோது பிள்ளைகள் இருந்து படிக்கும் நீள வாங்கொன்றில் அத்தான் கிடந்தார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அவர் உடம்பு மீனைப் போலக் குளிர்ந்திருந்தது. முகமெல்லாம் கரியும் எண்ணெயும். முனகிக்கொண்டிருந்தார். திருநீறில்லாத நெற்றியோடு அக்கா அவரை ஒருநாளும் கண்டதில்லை; கடலுக்குப் போனாலும் காய்ச்சலில் கிடந்தாலும் மூன்று குறி இருக்கும். துவாயை நனைத்து முகத்தைத் துடைத்தாள். கரி போயிற்று. ஊதாவும் அழுக்கென்றே நினைத்து அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். பிறகு சேலைத் தலைப்பில் முடிந்து வந்த காளி கோயில் திருநீற்றை எடுத்துப் பட்டையாகப் பூசினாள். மிச்சமிருந்த கறையும் அதற்குள் மறைந்தது. நானும்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கென்ன தெரியும்?

அதற்குப் பிறகு அப்போதிக்கரி வந்தார். டொக்டர் இல்லாத அந்த ஆசுப்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் பெரிய ஆள் அவர்தான். அத்தான் முனகுவதைக் கேட்டதும் ஊசியை எடுத்தார். அக்கா முன்னால் போய் நின்று சொன்னாள்: "ஐயா, துறைமுகத்திலயும் ஒரு ஊசி போட்டவையாம். லொறிக்காரன் சொன்னவன்."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீர் எனக்குப் படிப்பிக்க வந்தனீரோ? தள்ளி நில்லும்."

சொன்னாள். என் அக்கா சொன்னாள். என் இரண்டு காதாலும் கேட்டேன், எந்தக் கோயிலிலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

கொஞ்ச நேரத்தில் முனகல் நின்றது. அத்தான் குறட்டை விட்டார். அக்காவுக்கு அவ்வளவு ஆறுதல். போர்வையை இழுத்துப் போர்த்தி, "பாவம், நல்ல நித்திரை. ஒருத்தரும் சத்தம் போடாதேங்கோ" என்று அடுத்த வாங்குக்காரரையும் அடக்கினாள். ஓலை விசிறியால் விசிறிக்கொண்டே இருந்தாள். கை நோக நோக மாற்றிப் பிடித்தாள். குறட்டைகளுக்கு இடையில் இடைவெளி நீண்டது. உதடு நீலம் பாரித்தது. மத்தியானத்துக்கு முன் அடுத்த மூச்சு வரவேயில்லை. அதற்குப் பிறகும் அவள் விசிறிக்கொண்டுதான் இருந்தாள்.

அது நித்திரையல்ல என்பதைப் பின்னால்தான் படித்தேன். இரத்தம் போய்க் குளிர்ந்த உடம்பில் போட்ட ஊசி உடனே வேலை செய்யாமல் தசைக்குள்ளேயே கிடக்கும். வலி நிற்கவில்லையே என்று இன்னொன்றைப் போட்டால், உடம்பு சூடேறும்போது இரண்டும் சேர்ந்து பிடித்து மூச்சை அமத்திவிடும். மூச்சை எண்ணியிருந்தால், கண்மடலைத் தூக்கிக் கடுகளவாய்ச் சுருங்கிய கண்மணியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவ்வளவும் வேண்டாம், அவள் சொன்னதைக் கேட்டிருந்தாலே போதும்.

மரண விசாரணையில் அக்காவிடம் கேட்டது ஒரேயொரு கேள்வி. "நெற்றியைத் துடைச்சது நீரோ?" அவள் "ஓம்" என்றாள். அதை எழுதிக்கொண்டார்கள். "நான் சொன்னனான் ஐயா" என்று தொடங்கினாள். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார்கள். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. அப்போதிக்கரி வெள்ளைக் கோட்டோடு கதிரையில் இருந்து தலையாட்டினார். மாமியார் வீட்டில் அவளுக்குப் பெயரே மாறிவிட்டது: புருசனைத் துடைச்சே கொன்றவள். நாசமாய்ப் போக! வாய் திறந்து சொன்னவளுக்குப் பழி, காது கொடாதவருக்குக் கும்பிடு. கடைசியில் அவளே அதை நம்பத் தொடங்கியதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம்.

அந்தக் கோபத்தில்தான் தாதி வேலைக்குப் போனேன். மருந்தை நான் ஒருநாளும் ஏசியதில்லை. தாங்க முடியாத நோவில் துடித்தவர்களுக்கு இந்தக் கையாலேயே கொடுத்திருக்கிறேன், அவர்கள் முகம் தெளிவதையும் பார்த்திருக்கிறேன். வாந்தி வரும், மலம் இறுகும், உடம்பு கடித்துச் சொறியச் சொல்லும். முன்கூட்டிச் சொன்னால் சனம் பயப்படாது. சாராயம் குடித்தவரா, வேறு நித்திரை மருந்து எடுத்தவரா என்று கேட்காமல் கொடுத்த டொக்டர்மாரோடு வார்ட்டு நடுவில் சண்டை பிடித்திருக்கிறேன். இரண்டு தடவை இடமாற்றமும் வாங்கினேன்.

அக்காவுக்கு எழுபத்தெட்டு வயதில் புற்றுநோய் எலும்புக்குப் போயிற்று. மோர்பின் என்ற சொல்லைக் கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "நோவோட போறன், அது வேண்டாம்." வீட்டுக்கு வந்த டொக்டர் சின்னப் பிள்ளை. தான் ஒன்றும் எழுதுவதற்கு முன் கட்டிலருகே குனிந்து, "அம்மா, இதுக்கு முதல் ஆரும் ஏதும் மருந்து தந்தவையோ? எப்ப தந்தவை?" என்று கேட்டாள்.

அக்கா மெல்லத் திரும்பினாள். அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "கேக்குது, தங்கச்சி. இந்தப் பிள்ளை கேக்குது." ஐம்பது வருடத்துக்கு மேலாக அவள் அழுது நான் கண்டதில்லை. அன்றைக்கு அழுதாள்.

அதற்குப் பிறகு மருந்தை வேண்டாமென்று சொல்லவில்லை. காலையில் முகம் துடைத்துத் திருநீறு பூசிவிடுவேன். மருந்து கொடுத்ததும் பென்சிலை நாக்கில் தொட்டுக் கலண்டர் தாளில் நேரத்தை எழுதுவேன். "எழுதிப்போட்டியோ?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். ஓம் என்ற பிறகுதான் கண்ணை மூடுவாள். நான் பக்கத்தில் இருந்து மூச்சை எண்ணுவேன்.

அந்தக் கலண்டர் தாள்களைப் பென்சிலோடு சேர்த்தே வைத்திருக்கிறேன். ஊதா மங்கவில்லை. அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு எவ்வளவு நேரம் பிடிக்குமென்று, மணிக்கூட்டைப் பார்த்து அதே கேள்வியை ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். ஐந்து விநாடி கூட ஆகவில்லை.