பெரட்டு மணியில் வைத்து நிமிர்த்திய சக்கரம்

நான் செய்த தவறு, எழுதிக் கொடுத்தது. முப்பத்திரண்டு வருடம் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவனிடம் வேறு எந்தத் தவறை எதிர்பார்க்க முடியும்?

வெள்ளிக்கிழமை காலை, இரவு மழையில் மேட்டிலிருந்து உருண்டு கிடந்த கல்லில் எங்கள் டிராக்டரின் முன்சக்கரம் ஏறிவிட்டது. எங்கள் என்றால் பதினொரு குடும்பங்களுடையது. தோட்டம் கழித்துக்கட்டி ஏலம் போட்ட வண்டி. நிர்வாகம் இப்போது தேயிலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, பராமரித்துப் பறித்துத் தரும்படி குடும்பங்களிடம் கொடுத்திருக்கிறது. என் மருமகள் பெயரிலும் ஒரு துண்டு உண்டு. பறித்த கொழுந்தை நான்கு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஃபெக்டரிக்குச் சுமப்பது அந்த வண்டிதான். டயர் தப்பியது. ரிம்மின் விளிம்பு மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே மடங்கிப்போனது.

டிரைவர் அன்றைக்கே சக்கரத்தைக் கழற்ற ஆயத்தமானார். நான்தான் தடுத்தேன். சேதமடைந்த வாகனத்தை நிர்வாகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் ஒன்பதாவது விதி. அழகாக எழுதி, பிரதியும் எடுத்து, ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தேன். என் சேவைக்காலத்தில் எந்தக் கடிதத்துக்கும் அதே நாளில் பதில் போனதாக எனக்கு நினைவில்லை. இதற்கு மாலையே வந்தது: வேர்க்ஷாப் போர்மன் பரிசோதித்துச் சான்று தரும்வரை வண்டி தோட்டத்து ரோட்டில் ஓடக்கூடாது.

வேர்க்ஷாப் பூட்டி ஆறு வருடமாகிறது. போர்மன் வேலையை விட்டுப் போனபின் அந்த இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை. இல்லாத மனிதரின் கையெழுத்து வேண்டுமாம்.

பன்னிரண்டாவது விதி இன்னும் இனிமையானது. தொடர்ந்து மூன்று வேலைநாள் கொழுந்து கொடுக்காவிட்டால் துண்டு நிர்வாகத்துக்குத் திரும்பும். ஆங்கிலத்திலிருந்த அதைத் தமிழாக்கித் தட்டச்சு செய்தவன் நான். பிழையில்லாத தமிழ். வெள்ளியும் சனியும் போய்விட்டன. பறித்த கொழுந்து சாக்கிலேயே சூடேறிச் சிவந்தது. ஞாயிறு ஃபெக்டரி இல்லை. திங்கள்தான் மூன்றாவது நாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் டிரைவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே அவர் மனைவி பிடித்துக்கொண்டார். துண்டுக்காரர்களின் தலைவி அவர்தான்.

"வாங்க கிளாக்கரையா. இன்னிக்கி யாருக்குக் கடுதாசி?"

"யாருக்கும் இல்லம்மா. ரிம்ம அடிச்சி நிமித்துவோம்."

"அத வெள்ளிக்கெழமையே சொல்லியிருந்தா என்னாங்க?" என்றவர் கணவர் பக்கம் திரும்பினார். "இவரு மட்டும் என்னா! கல்லு மேல ஏத்துனீங்களேன்னு கேட்டா, கல்லு குறுக்க வந்துச்சிங்கறாரு."

வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, டயரையும் டியூபையும் பிரித்தோம். வெறும் ரிம்மைத் திரும்பவும் அச்சில் மாட்டிச் சுழற்றினார் டிரைவர். நான் ஒரு கட்டையில் கையை ஊன்றிச் சோக்குக் கட்டியை அசையாமல் பிடித்தேன். துருத்திய இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது.

"சுத்தியல நான் பாத்துக்கறேன். சோக்க நீங்க புடிங்க ஐயா. ஒங்க கைக்கு அதுதான் தோது."

அடிப்பதற்குப் பட்டடை வேண்டும். பெரட்டுக் களத்தில், ஆட்களை வேலைக்குக் கூப்பிட அடிக்கும் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டு, கொக்கி இற்று விழுந்து மாதக்கணக்கில் புல்லில் கிடந்தது. அதைத் தூக்கி வந்து இரண்டு கல்லின்மேல் வைத்தோம். சிரட்டைக் கரித்தணலில் ரிம்மைக் காய்ச்சினார் டிரைவர். தண்ணீர் தெளித்தால் சீறும் சூடு போதும், சிவக்க விட்டால் இரும்பு நொந்துவிடும் என்றார். பிறகு மடிப்பின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சின்னச் சின்ன அடிகள்.

முதல் அடியிலேயே மணி மலை முழுக்கக் கேட்டது. நாங்கள் இருவரும் அதை யோசிக்கவே இல்லை. நேரம்கெட்ட நேரத்தில் பெரட்டு மணி அடித்தால் ஸ்ட்ரைக் என்றுதான் இங்கே அர்த்தம். லயத்து வரிசை வீடுகளின் கதவுகள் திறந்தன. சோறு தின்ற கையோடு சிலர் வந்தார்கள். "யார அடிச்சாங்க? எந்தத் தொர?" என்று கேட்டபடி ஒரு பாட்டாளிக் கூட்டமே திரண்டுவிட்டது. "ரிம்மத்தான் அடிக்கறோம்" என்று சொன்னதும் யாரும் திரும்பிப் போகவில்லை.

இருபது நிமிடத்தில் உதவி மேலாளரான சின்னத்துரையின் ஜீப்பும் வந்தது. இருபத்தாறு வயது, தமிழும் நன்றாகப் பேசுவார். பதற்றத்தில் சிங்களம்தான் முதலில் வந்தது.

"மொக்கத மே சத்தே?" என்ன சத்தம் என்று கேட்டவர், தண்டவாளத் துண்டைப் பார்த்தார். "ஐயா, இது தோட்டத்துச் சாமான் இல்லையா?"

"தோட்டத்துச் சாமான்தாங்க. விழுந்து கெடந்தத யாரும் அறிவிக்கல. வேணும்னா இப்பவே எழுதித் தர்றேன்."

கூட்டம் சிரித்தது. ஆபீஸ் பதிலோடு வந்திருந்த சான்றுப் படிவத்தை நான் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

"இது போர்மன் வேலை" என்றார்.

"பதவி காலியா இருந்தா அடுத்த மேலதிகாரி பாக்கணும்னு நிலையான உத்தரவு இருக்குங்க. ஒங்க அலுமாரியில மேல்தட்டு, பச்சை ஃபைல்."

"நான் பார்க்க முடியாது."

"சரிங்க. முடியாதுன்னு அதுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. காரணத்துக்கும் ஒரு கட்டம் இருக்கு."

டிரைவரின் மனைவி பேனாவை நீட்டினார். "மெதுவா எழுதுங்க தொர. நாங்க நிக்கிறோம்."

அவர் பேனாவை வாங்கவில்லை. சக்கரத்தைச் சுற்றச் சொன்னார். ஆறிய ரிம்மில் டிரைவர் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சோக்குத் தூளைப் பூசிக் காட்டினார். வெடிப்பு இருந்தால் எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். ஒன்றும் தெரியவில்லை. அச்சில் மாட்டிச் சுழற்றினார்.

"அந்த இடத்துல கொஞ்சம் ஆடுது" என்றார் சின்னத்துரை.

"ஆடுதுங்க" என்றார் டிரைவர். "ரெண்டு நூல், கால் அங்குலந்தான். தொரயோட ஜீப்பு இதவிட ஆடும்."

இந்த முறை சின்னத்துரையும் சிரித்துவிட்டார். சிரித்த மனிதருக்கு மறுப்பு எழுதுவது கஷ்டம். படிவத்தின் அடியில் ஆங்கிலத்தில் 'பார்த்தேன்' என்று ஒரே சொல் எழுதி, திகதியிட்டுக் கையெழுத்துப் போட்டார். அது அனுமதியல்ல. மறுப்பும் அல்ல. தன்மீது எதுவும் வராதபடி எழுதியிருந்தார். நல்ல எதிர்காலம் இருக்கிறது அவருக்கு.

திங்கட்கிழமை கொழுந்தோடு நானும் டிரெய்லரில் ஏறினேன். ஃபெக்டரியில் நிறுக்கிறவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, இதுல ஓடலாம்னு போடலையே?"

"ஓடக்கூடாதுன்னு போட்டிருக்கா?"

"இல்ல."

"அப்ப நிறுங்க. இல்லாட்டி ஏன் நிறுக்கலன்னு எழுதித் தாங்க."

அவர் சாக்கைத் தூக்கித் தராசில் வைத்தார். பதினொரு குடும்பங்களின் பெயரையும் சத்தமாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எடைச் சீட்டு தரச் சொன்னேன். பின்னால் இரண்டு லொறிகள் ஹோன் அடித்துக்கொண்டு நின்றன. அடிக்கட்டும் என்றேன்.