மறியலில் தையல் படித்த கருப்பம்மா

பள்ளிக்கூடத்தில் நான் மூன்று மாதம்தான் இருந்தேன். ஆனாலும் எங்கள் தெருவில் முதல் தையல் மெஷின் வைத்தவன் இந்த ஸரூக்தான். மறியல் என்கிற ஜெயிலைப் பார்த்துக்கொண்ட துரையின் பெண்சாதி, அந்தத் துரைசானி, என் கடையைத் தேடி வந்தாள் என்றால் சும்மாவா? மறியல் பெண்கள் தேங்காய் மட்டையைத் தும்படித்துத் திருந்த மாட்டார்கள், கையில் தொழில் வேண்டும் என்பது அவள் கட்சி; உள்ளே வந்து தையல் சொல்லிக்கொடு என்றாள்.

மடுல்சீமைக் கருப்பம்மாவை அங்கேதான் பார்த்தேன். பிள்ளை பெற்ற பதினாறாம் நாளே கங்காணி முருகையா அவளை விடியற்காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்கு இழுத்தான். கைக்குழந்தையோடு ஓடினாள், பிடிபட்டாள். தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடினால் அந்தக் காலத்தில் மறியல்தான். மூன்று மாதம் விழுந்தது.

பால் குடிக்கிற வரைக்கும்தான் பிள்ளை உள்ளே இருக்கலாம். வெள்ளிக்கிழமை தோறும் மறியல் மேட்ரன் பால் இருக்கிறதா என்று மார்பை அமுக்கிப் பார்ப்பாள்.

கருப்பம்மா நான்கே நாளில் பொத்தானுக்குக் காஜா எடுத்தாள். எனக்கே அது பிடிபட ஒரு மாதம் போனது. இதை யாருக்கும் சொன்னதில்லை. துரைசானி சட்டைகளைக் குவித்தாள். நானும் என் பங்குக்குக் கடைத் துணியைக் குவித்தேன். விடிந்தால் ஊசி, குடிக்க ஒரு கோப்பைக் கஞ்சி. ஒரு வெள்ளிக்கிழமை மார்பு வற்றியிருந்தது.

"நாளைக்கு ஊறிடும்மா, ஒரு நாள் பொறுங்கம்மா!" என்று காலைப் பிடித்தாள்.

"நீ என்ன பசுமாடா, நாளைக்கு வந்து கறந்து பாக்க?" என்றாள் மேட்ரன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

சொந்தக்காரன் என்று கைநாட்டு வைத்துப் பிள்ளையை வாங்கிப் போனவன் முருகையா.

விடுதலை நாளில் வாசலில் நின்றேன்.

"என் கடைக்கு வா புள்ள. ஒன்ன மாதிரி கை இந்த ஊர்லயே இல்ல."

"புள்ள தோட்டத்து லயத்துல இருக்குங்க மொதலாளி. நான் திரும்பி வரணும்னுதானே அந்தாளு தூக்கிட்டுப் போனான்."

"கொழுந்து பறிக்கவா இத்தனையும் படிச்சுக் குடுத்தேன்?"

தான் தைத்த சின்னச் சட்டையை மடியில் செருகிக்கொண்டு மலை ஏறினாள்.

"மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிட்டு வா, சாயந்திரம் புள்ளயத் தாரேன்," என்றான் முருகையா. ஐந்து நாளும் அதையே சொன்னான். ஆறாம் நாள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருந்த பெரியாயிக்குப் பொறுக்கவில்லை.

"எதுக்குடி இன்னும் தேடுற? பொதச்சுப் பன்னண்டு நாளாச்சு."

அன்றைக்கே ஓடினாள். எங்கள் ஊர்ப் பதுளைக்கு வருமுன் பிடித்தார்கள். மறுபடியும் மூன்று மாதம்.

"நல்ல கை திரும்பி வந்திருச்சு," என்று மேட்ரன் எனக்குச் சொல்லியனுப்பினாள். துரைசானிக்கும் சந்தோஷம். இந்தத் தடவை பிள்ளை இல்லை, வெள்ளிக்கிழமைச் சோதனையும் இல்லை.

நான் துணி அனுப்பினேன். முன்னைவிட இரண்டு பங்கு தைத்து வந்தது.