பேய்க்கதைப் புத்தகத்தில் ஒரு வேப்பிலை

சிதம்பரத்தில் இப்போது இருக்கும் வீட்டில் அலமாரியைத் துடைக்கும்போது அப்பாவின் பேய்க்கதைத் தொகுப்பு கையில் கிடைத்தது. வெள்ளைக்காரர்கள் அந்தக் காலத்தில் எழுதிய கதைகளின் தமிழாக்கம். பிரித்ததும் காய்ந்த வேப்பிலை நொறுங்கி மடியில் கொட்டியது. லேசாகக் கசப்பு வாசனை.

கடலூர் முதுநகரில் நான் மூணாவது படித்தபோது, சாயங்காலம் கரண்ட் போனால் அப்பா இந்தப் புத்தகத்தை எடுத்துவிடுவார். பனி மூடிய மாளிகை என்றால் எனக்குப் புரியாது. "நம்ம துறைமுகத்துல பாழடைஞ்ச கிடங்கு இருக்குல்ல, அதான்னு வச்சிக்க" என்பார். ஒரு கதையில் செத்தவள் கல்லறை மூடியைத் தள்ளிக்கொண்டு எழும் இடத்தில் குரலை இறக்கி, சட்டென்று என் காலைப் பிடித்து இழுப்பார். நான் அலறுவேன்.

"புள்ளைக்கு ஜொரம் வந்தா நீங்கதான் பாக்கணும்!" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள். ஒரு கொத்து வேப்பிலையை உள்ளே வைத்த பிறகுதான் புத்தகத்தை மூட விடுவாள். இல்லையென்றால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடுமாம். அப்பா சிரிப்பார். ஆனால் ஒருநாளும் அந்த இலையை எடுத்துப் போட்டதில்லை.

போன வருஷம் அப்பா இறந்தார். மாமா வீட்டுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று அம்மாவும் நானும் இங்கே வந்தோம்.

அந்தக் கதையை மறுபடி படித்தேன். செத்தவள் எழுந்து நேராகத் தன் வீட்டுக்கு வருகிறாள். பயம் வரவில்லை. அந்த வீட்டுக்காரர்கள்மேல் பொறாமைதான் வந்தது.

வாசல் வேப்பமரத்தில் புது இலை கிள்ளிவந்து புத்தகத்துக்குள் வைக்கப் போனேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அத வைக்காதடி," என்றாள். "வந்தா வரட்டும்."