செங்கோடன் கடித்த மிளகு

இது நடந்த கதை. மிளகுக்கொடி மேல் சத்தியம். நடந்தது மிளகு அளவுதான்; சொல்லும்போது பலாப்பழ அளவுக்கு வீங்கிவிடும். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

"வீங்கட்டும், சொல்லப்பா" என்றார்கள் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள்.

மலைமேல் இருக்கும் எங்கள் திண்ணனூர் நாட்டில் செங்கோடன் கடித்துப் பார்க்காத மிளகு மலையை விட்டு இறங்காது. காயப்போட்ட மிளகில் ஒரு மணியை எடுத்துக் கடைவாயில் வைப்பார். 'டக்' என்று உடைந்தால் மூட்டை கட்டலாம். நசுங்கினால் இன்னும் வெயில் வேண்டும். பல்லெல்லாம் கொட்டி, பல்செட்டு மாட்டிய பிறகும் அந்த 'டக்' குறையவில்லை. அவர் கடித்தால் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் இடி என்று நினைத்துக் குடையை விரிப்பார்கள்.

ஒன்பது வருஷம் கழித்து அந்தச் செட்டு சேட்டையை ஆரம்பித்தது. மரவள்ளிக்கிழங்கு தின்றால் பாதி அதற்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. ஈறு புண்ணானது. ஒருநாள் தும்மினார், கீழ்ச்செட்டு பறந்துபோய்க் கோழியைத் துரத்தியது. கேழ்வரகுக் களி தின்றால் மட்டும் ஒட்டிக்கொண்டு ஆடாமல் நின்றது. அதனால் மூன்று வேளையும் களியே தின்றார்.

"ஏனுங்க, செட்டு ஆடுதுங்க. டாக்டர்கிட்டக் காட்டுங்க" என்றாள் மனைவி அம்சவேணி.

"அது ஆடல புள்ள. சந்தோசமா இருக்குது."

அந்தச் சந்தோஷம், மிளகு விளைவிக்கும் மாரப்பன் வந்த அன்று தீர்ந்தது. பத்து நாள் முன்பு செங்கோடன் கடித்து, காய்ந்துவிட்டது என்று சொன்ன மூட்டையை அவன் வாசலில் கொட்டினான். மிளகெல்லாம் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது.

"மாமா, உங்க வாய நம்பித்தான மூட்ட கட்டுனேன்? இனி உங்ககிட்ட எவன் வருவான்?"

செங்கோடனின் முப்பது வருஷ வாக்கு, வாசலில் பூத்துக் கிடந்தது. ஒரு மணியை எடுத்துக் கடித்தார். 'டக்'.

"கேட்டியா? காஞ்சிதானடா இருக்குது!"

அம்சவேணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, வாயில ஒண்ணும் போடாம ஒருக்காக் கடிங்க."

வெறும் வாயைக் கடித்தார்.

'டக்'.

வாசலில் இருந்த கோழிகூட மேய்வதை நிறுத்தியது. உடைந்தது மிளகல்ல. இத்தனை நாள் செட்டுதான் சத்தம் போட்டிருக்கிறது.

மறுநாளே பஸ் ஏறி, எழுபது கொண்டை ஊசி வளைவிலும் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினார். கீழே பல் டாக்டர் ரஞ்சிதா செட்டின் உள்பக்கம் மாவு மாதிரி ஒன்றைத் தடவி, வாயில் வைத்து, இறுகியதும் எடுத்துக் காட்டினார். மாவு ஒரு விரல் கனத்துக்கு நின்றது.

"செட்டு அப்படியேதாங்க ஐயா இருக்கு. பல் போனதும் தாடை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாக் கரையும். இந்த மாவு நிக்குற அளவுக்கு உங்க வாய் கரைஞ்சிருக்கு. ஆடுனாலோ, சத்தம் போட்டாலோ, புண்ணானாலோ உடனே வந்திருக்கணும்."

செங்கோடன் அந்த மாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மழை மண்ணை அரிப்பதைப் பார்த்திருக்கிறார். தன் வாய்க்குள்ளேயே ஒரு மலை, வலிக்காமல், சொல்லாமல் கரைந்திருக்கிறது!

"இத்தன பெரிய காரியம் எனக்குள்ளயே நடந்திருக்குது. எனக்கே தெரியலியே சாமி" என்று கைகூப்பினார். டாக்டருக்கா, மாவுக்கா என்று யாருக்கும் தெரியாது.

உள்பக்கம் நிரப்பி, செட்டை இறுக்கிக் கொடுத்தார்கள். புண் ஆறியதும் மாரப்பனின் அடுத்த மிளகை அவர் கடிப்பதைப் பார்க்க ஊரே கூடிவிட்டது. முதலில் வெறும் வாயைக் கடித்தார். சத்தமில்லை. பிறகு ஒரு மணியைக் கடித்தார். அப்போதும் சத்தமில்லை.

"காயல. இன்னும் ரெண்டு வெயில் வேணும்."

அந்த அமைதியைப் போல ஒரு சத்தத்தை ஊர் அதுவரை கேட்டதில்லை. மாரப்பன் மிளகை மறுபடி வெயிலில் பரப்பினான்.

"பரப்பாம என்ன பண்ணுவாரு?" என்று கதையின் நடுவே எழுந்தான் பக்கத்துத் திருப்புலி நாட்டுச் செல்வம். "மொத மூட்டையயே மாரப்பன் மூணு நாளுதான் காயப்போட்டாரு. பழிய மட்டும் செட்டு மேல போட்டுட்டாரு!"

பெஞ்சின் மறுகோடியில் டீ குடித்துக்கொண்டிருந்த மாரப்பன் டம்ளரை வைத்தான். "எவன்டா மூணு நாளுன்னவன்? எட்டு நாளுடா!"

"எட்டா? மழ பேஞ்ச நாளயும் சேத்தா?"

டம்ளர் உருண்டது, பெஞ்சு கவிழ்ந்தது. "இந்த வருச மிளக மூணு நாளும் எட்டு நாளும் காயவெச்சுக் கொண்டாரேன், எது காஞ்சுதுன்னு அவரே கடிச்சுச் சொல்லட்டும்! செங்கோடன் மாமாவக் கூப்புடுங்கடா!" என்று இரண்டு பேருமே கத்தினார்கள்.